வகுப்பு நடந்தது

மருத்துவத்தின் மனசாட்சி: பகுதி 17

லூபெக் நகரத்துப் பச்சிளம் குழந்தைகளோடு சென்ற பகுதியை முடித்திருந்தோம். காசநோய் வராமல் காக்கும் என்று நம்பி, பிறந்த சில நாட்களிலேயே வாய்வழியாகப் புகட்டிய தடுப்பு மருந்தில் வீரியம் குறையாத கிருமி கலந்துவிட்டிருந்தது. 1930-இல் நடந்த அந்தக் கொடுமையில் 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஜெர்மனி கொதித்தது. மருத்துவர்கள் மனிதர்கள் மேல் சோதனை நடத்துவதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் யூலியுஸ் மோசஸ் விடாமல் குரல் கொடுத்தார். அவரே ஒரு மருத்துவர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், யூதர். ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்த விவாதம் சூடுபிடித்தது. 1931 பிப்ரவரி 28 அன்று ஜெர்மன் உள்துறை அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வெளியானது.

புதிய சிகிச்சைகளுக்கும் மனிதர்கள் மேல் நடத்தும் சோதனைகளுக்குமான நெறிமுறைகள் அவை. நோயாளிக்குப் புரியும்படி விளக்கிச் சொல்லி, அவர் சம்மதம் பெற்ற பிறகே எதையும் செய்ய வேண்டும். அவருடைய ஏழ்மையைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது. முதலில் விலங்குகளிடம் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். குழந்தைக்குச் சிறிதளவும் ஆபத்து வரக்கூடிய சோதனை கூடாது. சாகக் கிடப்பவர் மேல் சோதனையே கூடாது. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

நம் கதைக்கு வேண்டியது அதன் கடைசி விதி. மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது, வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் இந்தக் கடமைகளை வலியுறுத்திச் சொல்ல வேண்டும் என்கிறது அது. விதி எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. சுற்றறிக்கை அலமாரியில் தூங்கும். இருபது வயதுப் பிள்ளையின் மனதில் இறங்கியது அவ்வளவு எளிதில் தூங்காது.

அடுத்த எட்டாண்டுகளில் அந்தப் பாடம் உண்மையாகவே பாடத்திட்டத்தில் ஏறியது. ஜெர்மனியின் எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவ அறம் கட்டாய வகுப்பானது. 1939-இல்.

அந்த ஆண்டைப் பார்த்ததும் வாசகருக்குத் திடுக்கென்றிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாஜிக் காலத்து மருத்துவர்கள் செய்த கொடூரங்களைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: அறிவியலைக் கற்றுக்கொடுத்தார்கள், அறத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை, அதனால் கெட்டுப்போனார்கள். கேட்க ஆறுதலாக இருக்கும். பாடத்திட்டத்தில் ஒரு வகுப்பைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது அல்லவா? ஆனால் ஹிட்லரின் ஜெர்மனியில் அந்த வகுப்பு நடந்தது. மணியடித்து, வருகைப் பதிவு எடுத்து, பாடநூல் வைத்து நடந்தது. இந்தத் தொடரில் நான் எழுத வேண்டியவற்றிலேயே மிகக் கடினமான பகுதி இதுதான்.

முதலில் ஒரு பழைய புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆல்பெர்ட் மோல் என்பவர் பெர்லினில் மனநல மருத்துவர். ப்ரெஸ்லாவ் நகரில் விலைமகளிர் உள்ளிட்ட பெண்களுக்கு, அவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், மேகநோய் கண்டவர்களின் ரத்த நிணநீரை ஊசி போட்டுச் சோதித்த ஆல்பெர்ட் நைஸரின் விவகாரத்தை இரண்டு பகுதிகளுக்கு முன் பார்த்தோம். அந்த விவகாரம் ஓய்ந்த கையோடு 1902-இல் மோல் எழுதிய தடித்த புத்தகம் ‘மருத்துவ அறம்’. சக மருத்துவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளிலிருந்தே, நோயாளிக்குத் தெரியாமல் அவர் மேல் நடந்த சோதனைகளை நூற்றுக்கணக்கில் பொறுக்கி எடுத்து அடுக்கினார். அவர் சொன்ன அடிப்படை எளிமையானது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் இருப்பது ஓர் ஒப்பந்தம். என்னிடம் வந்திருக்கும் இந்த ஒருவருக்குத்தான் நான் கடன்பட்டவன். நாட்டுக்கோ இனத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ அல்ல.

மோல் யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராக மாறியவர். மதம் மாறியது ஹிட்லரின் சட்டத்துக்குப் பொருட்டல்ல. 1938 செப்டம்பர் 30 அன்று யூத மருத்துவர்கள் எல்லோருடைய உரிமமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது அவரும் மருத்துவர் என்ற தகுதியை இழந்தார். மறு ஆண்டு, 1939 செப்டம்பர் 23, பெர்லினில் இறந்துபோனார். (அவரோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்த ஃபிராய்டும் அதே நாளில்தான் லண்டனில் இறந்தார்.) நாடாளுமன்றத்தில் கத்திய யூலியுஸ் மோசஸை 1942-இல் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டே அங்கே அவர் கதை முடிந்தது.

அறத்தை எழுதியவரையும் அதற்காக வாதாடியவரையும் ஒதுக்கிவிட்டு, அறம் என்ற பெயரில் ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள்.

வகுப்பின் பெயரைத் தமிழில் ‘மருத்துவச் சட்டமும் தொழில்நெறியும்’ என்று சொல்லலாம். பல்கலைக்கழகங்களில் இதை நடத்தியவர்கள் பெரும்பாலும் நெடுநாள் கட்சிக்காரர்கள். மெய்யியல் படித்தவர்கள் அல்ல. பெர்லினில் நடத்தியவர் ருடோல்ஃப் ராம். 1942-இல் அவர் பாடநூலும் எழுதினார். அந்த நூலைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது என்னை உலுக்கியது அதன் வெறி அல்ல, அதன் சாதாரணத் தன்மை. மருத்துவர் பணத்தாசை பிடித்து அலையக் கூடாது என்கிறது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது பற்றிப் பேசுகிறது. மருத்துவரின் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பேசுகிறது. எந்த நாட்டு அறநூலிலும் இருக்கக்கூடிய அத்தியாயங்கள்.

அவற்றுக்கு நடுவே, அதே குரலில், அதே நிதானத்தோடு மற்றவையும் வருகின்றன. எல்லா மனிதர்களும் சம மதிப்புள்ளவர்கள் அல்லர். ஆரிய இனத்தைத் தூய்மையாகக் காப்பது மருத்துவரின் தலையாய கடமை. ஆரோக்கியமாக இருப்பது ஒவ்வொருவரும் நாட்டுக்குச் செலுத்த வேண்டிய கடன். தனி நோயாளிக்குச் செய்யும் சிகிச்சையைவிட மக்கள் கூட்டத்தின் நலம் பெரிது. மருத்துவர் என்பவர் வழிநடத்தும் தலைவர். அவர் சொன்னால் கேட்க வேண்டும்.

மோல் ‘இந்த ஒருவர்’ என்று எழுதிய இடத்தில் ராம் ‘மக்கள்’ என்று எழுதினார். மாற்றம் அவ்வளவுதான். மற்ற எல்லாச் சொற்களும் அப்படியே இருந்தன: கடமை, நம்பிக்கை, தியாகம், தொண்டு. கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களில் பலர், நல்லதைக் கற்றுக்கொள்கிறோம் என்றுதான் குறிப்பெடுத்திருப்பார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கொலைகளை நடத்திய மருத்துவர்களில் பெரும்பாலோர் 1939-க்கு முன்பே படித்து முடித்தவர்கள். அந்த வகுப்பு அவர்களை உருவாக்கவில்லை. 1933 ஜூலையில் வந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் கீழ் சுமார் 4 லட்சம் பேரை அறுத்தவர்களும், அதற்கான நீதிமன்றங்களில் நீதிபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர்களும் பழைய பாடத்திட்டத்தில் தேறியவர்கள். ஜெர்மன் மருத்துவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நாஜிக் கட்சியில் தாமாகச் சேர்ந்தவர்கள். வகுப்பு செய்தது வேறு வேலை. வெளியே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு, உள்ளே ‘அறம்’ என்று பெயர் வைத்து, அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிவிட்டது.

வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? 1939 செப்டம்பர் 1 என்று முன்தேதியிட்ட ஒரு கடிதத்தில் ஹிட்லர் கையெழுத்திட்டார். குணமாகாத நோயாளிகளுக்குக் ‘கருணை மரணம்’ கொடுக்கும் அதிகாரத்தைச் சில மருத்துவர்களுக்கு வழங்கும் கடிதம். பெர்லினில் டியர்கார்ட்டன் தெரு 4-ஆம் எண் வீட்டிலிருந்து அந்த வேலை நடந்ததால் டி-4 என்று பெயர். நாட்டிலுள்ள மனநலக் காப்பகங்களுக்கெல்லாம் படிவங்கள் போயின. நோயாளி என்ன வேலை செய்யக்கூடியவர், எத்தனை ஆண்டாக உள்ளே இருக்கிறார், யாராவது பார்க்க வருகிறார்களா என்று நிரப்பி அனுப்ப வேண்டும். நிரப்பிய படிவங்கள் மருத்துவ நிபுணர்களிடம் போகும். அவர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. படிவத்தைப் படித்துவிட்டு, சிவப்புப் பென்சிலால் ஒரு கூட்டல் குறி அல்லது நீலப் பென்சிலால் ஒரு கழித்தல் குறி. சிவப்பு என்றால் சாவு. நீலம் என்றால் பிழைத்தார்.

யாராவது பார்க்க வருகிறார்களா என்ற அந்தக் கேள்வியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இருக்கக்கூடிய கேள்விதான். நம் ஊர் வார்டில் ஒரு நர்ஸம்மா இதே கேள்வியைக் கேட்டால், வராதவருக்கு ஒரு வாய் கஞ்சி கூடக் கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கேட்பார். அங்கே கேட்டது, இவரைக் கொன்றால் தேடி வர ஆள் உண்டா என்று தெரிந்துகொள்ள.

ஹாடமார், ஹார்ட்ஹைம், கிராஃபெனெக் உட்பட ஆறு இடங்களில் வாயு அறைகள். குழாயைத் திறப்பது மருத்துவரின் வேலை என்றே விதித்திருந்தார்கள். 1941 ஆகஸ்டில் வெளிப்படையாக நிறுத்தப்படும்வரை கொல்லப்பட்டவர்கள் 70,273 பேர். இது அவர்களே வைத்திருந்த கணக்கு. நிறுத்திய பிறகும் ஊசியாலும் பட்டினியாலும் அது சத்தமில்லாமல் தொடர்ந்தது.

இனி பெர்லின் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் கூடத்துக்குள் போகலாம். ராம் அறம் நடத்திய அதே பல்கலைக்கழகம்.

1942 டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். ஷார்லட் பொம்மர் என்ற இளம் மருத்துவர், முந்தைய ஆண்டுதான் பட்டம் பெற்றவர், பேராசிரியர் ஹெர்மன் ஷ்டீவேயின் உதவியாளராக இருந்தார். ப்ளோட்சன்ஸே சிறையில் அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் உடல்கள் கூடத்துக்கு வந்தன. ஷ்டீவே ஆராய்ந்துகொண்டிருந்தது பெண்களின் கருப்பையும் சினைப்பையும். மரண பயம் மாதவிலக்கை எப்படிப் பாதிக்கிறது என்பது அவருடைய கேள்வி. அதற்கு, சாவு எப்போது வரும் என்று தெரிந்து காத்திருந்த பெண்களின் உடல் வேண்டும். அப்படிப்பட்ட உடல்கள் முன்பெல்லாம் கிடைப்பது அரிது. இப்போது சிறையிலிருந்து வரிசையாக வந்தன.

மேசையில் கிடந்தவர்களில் மூவரை ஷார்லட் அடையாளம் கண்டுகொண்டார். லிபெர்டாஸ் ஷூல்ட்ஸே-பாய்சன், அவர் கணவர் ஹாரோ, அவர்களுடைய நண்பர் ஆர்விட் ஹார்னாக். ஹிட்லரை எதிர்த்து ரகசியமாக இயங்கிய குழுவைச் சேர்ந்தவர்கள். லிபெர்டாஸுக்கு 29 வயது. தன் உடலைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டிருந்தவர். ஷார்லட்டுக்கு 28.

அன்று தான் உறைந்துபோய் நின்றதைப் பின்னாளில் ஷார்லட் எழுதிவைத்தார். கைகள் ஓடவில்லை. பேராசிரியரோ எப்போதும்போல மிகுந்த கவனத்தோடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். அந்த நாளுக்குப் பிறகு ஷார்லட் உடற்கூறியலை விட்டு வெளியேறினார். போர் முடியும் தறுவாயில், ஹிட்லரைக் கொல்ல முயன்றவர் ஒருவரின் குடும்பத்துக்கு உதவியதற்காகச் சிறைக்கும் போனார். மரண தண்டனைக் கைதிகளின் உடல்களைக் கண்டு அந்தத் துறையையே துறந்தவர் என்று இதுவரை தெரியவந்திருக்கும் உடற்கூறியலாளர் அவர் ஒருவர்தான். நாட்டிலிருந்த எல்லா உடற்கூறியல் துறைகளும் அந்த உடல்களை வாங்கிக்கொண்டன. ஒருவர்தான்.

ஷ்டீவே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அல்லர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். யாரையும் அவர் கொல்லவில்லை. கொல்லச் சொல்லவும் இல்லை. நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தவர். உடல் கிடைத்தது, வீணாகாமல் விஞ்ஞானத்துக்குப் பயன்படட்டும் என்பதுதான் அவருடைய நியாயம். ராமின் பாடநூல் அவருக்குத் தேவைப்படவே இல்லை. மேசையில் கிடக்கும் உடல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலிருக்க எந்தப் பாடநூலும் யாருக்கும் தேவையில்லை. அது தானாக வரும். கேட்பதற்குத்தான் பழக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தேன். முதலாண்டு மாணவர்களுக்கு டிசெக்‌ஷன் ஹாலில் முதல் நாள். ஃபார்மலின் நெடியில் கண் எரிந்தது. வெள்ளை அங்கி இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது. மேசையைச் சுற்றி நின்று, சடலத்தை மரியாதையோடு நடத்துவோம் என்று எல்லோரும் உறுதிமொழி சொன்னார்கள். பிறகு புத்தகத்தைப் பிரித்தார்கள். ஒரு மாணவி மட்டும் பிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அட்டெண்டரிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணா, இவர் எந்த ஊர்க்காரர்?”

“தெரியாதும்மா. ஜி.எச்.சிலேருந்து வந்தவர். பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடந்தாராம். யாரும் தேடி வரல.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அட்டெண்டரே சடலத்தின் வலக்கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில், நான்கு காய்ப்புகள். ஃபார்மலினில் ஊறியும் கரையாத காய்ப்புகள்.

“மூட்டை தூக்குனவரா இருக்கும்மா” என்றார்.

ஜெர்மனியையும் நம் ஊரையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. அங்கே கில்லட்டின் இருந்தது. இங்கே கேட்பாரற்ற உடலைச் சட்டப்படி கல்லூரிக்குக் கொடுக்கிறார்கள். உடல்தானம் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நம் மருத்துவர்களின் பல தலைமுறைகள் படித்தது, தேடி வர ஆளில்லாத ஏழைகளின் உடலில்தான். அவர்கள் சம்மதம் சொன்னவர்கள் அல்லர். அந்த மாணவி கேட்டது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்று அன்று நினைத்தேன். 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இந்தியா முழுவதும் அது பாடத்திட்டத்திலும் வந்திருக்கிறது. மனப்பாங்கு, அறம், உரையாடல் மூன்றையும் சேர்த்து ‘ஏட்காம்’ என்று சுருக்கமாக அழைக்கும் அந்தப் பாடத்தில், முதலாண்டுக்கான ஓர் அலகின் தலைப்பே சடலம்தான் நம் முதல் ஆசிரியர் என்பது. அந்த வகுப்பை எடுப்பவர் அட்டெண்டரையும் உள்ளே அழைத்து நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை.

ஜெர்மனிக்குத் திரும்புவோம். 1946 டிசம்பர் 9, நூரம்பெர்க். 23 பேர் கூண்டில். அவர்களில் 20 பேர் மருத்துவர்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 16 பேர் குற்றவாளிகள், அவர்களில் ஏழு பேருக்குத் தூக்கு. தீர்ப்பில் இடம்பெற்ற பத்து நெறிகள்தான் இன்றுவரை உலகம் பேசும் நூரம்பெர்க் நெறிமுறை. சோதனைக்கு உட்படுபவரின் தன்னார்வச் சம்மதம் அதில் முதலாவது. அந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டது. நான் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் சாட்சி. வெர்னர் லைப்ராண்ட், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ வரலாறு கற்பித்தவர். ஜெர்மன் மருத்துவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று நீதிமன்றம் அவரைக் கேட்டது. நோயாளியை உயிரியல் நிகழ்வுகளின் கோர்வையாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்டார்கள் என்றார் அவர். அப்படிப் பார்க்கத் தொடங்கியதும் மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவு அறுந்து, நோயாளி தபால் பொட்டலம்போல வெறும் பொருளாகிவிடுகிறார் என்பது அவர் சாட்சியத்தின் சாரம். ஒரு வரலாற்று ஆசிரியரைக் கொலை வழக்கில் கூண்டேற்றிக் கேட்க வேண்டியிருந்ததே, அதுவே இந்தத் தொடருக்கு நியாயம் என்று நான் நினைப்பதுண்டு.

இன்னொருவர் மாணவர். மேற்கு ஜெர்மன் மருத்துவர் மன்றங்கள், வழக்கைக் கவனித்து அறிக்கை எழுத அலெக்ஸாண்டர் மிட்ஷர்லிஷ் என்ற மருத்துவரின் தலைமையில் ஒரு சிறு குழுவை அனுப்பின. அதில் இருந்த ஃப்ரெட் மீல்கே அப்போது மருத்துவ மாணவர். மூத்த பேராசிரியர்கள் யாரும் போக விரும்பாத இடத்துக்குப் போய், ஆவணம் ஆவணமாகப் படித்து, தன் ஆசிரியர்களின் தலைமுறை செய்ததை எழுதினார். 1947-இல் முதல் தொகுப்பு வந்தபோது, தொழிலின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று பெரிய பேராசிரியர்கள் பாய்ந்தார்கள். 1949-இல் முழு அறிக்கை 10,000 படிகள் அச்சாகி மருத்துவர்களுக்காகவே அனுப்பப்பட்டது. ஒரு மதிப்புரை இல்லை, ஒரு கடிதம் இல்லை. கிணற்றில் போட்ட கல்லாயிற்று. 1960-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் பொதுமக்கள் அதைப் படித்தார்கள்.

கடலுக்கு அப்பாலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. நூரம்பெர்க் நெறிமுறை காட்டுமிராண்டிகளுக்கானது, நமக்கு எதற்கு என்ற எண்ணம் அமெரிக்க மருத்துவர்களிடையே பரவலாக இருந்தது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின விவசாயிகளின் மேகநோய்க்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த ஆய்வு, நூரம்பெர்க் தீர்ப்புக்குப் பிறகும் 25 ஆண்டுகள், 1972 வரை நடந்தது. அடுத்த பகுதி முழுக்க அங்கேதான்.

ஷ்டீவே 1952-இல் இறக்கும்வரை பேராசிரியராகவே இருந்தார். அவரைவிட எனக்கு வலிப்பது ஒரு புத்தகத்தின் கதை. வியன்னாவின் எடுவார்ட் பெர்ன்கோப்ஃப் உருவாக்கிய உடற்கூறு வரைபடத் தொகுதி. முதல் தொகுதி 1937-இல் வந்தது. நரம்பும் நாளமும் தசையும் அவ்வளவு நுட்பமாக, அவ்வளவு உயிரோட்டமான வண்ணத்தில் வரையப்பட்ட இன்னொரு நூல் இல்லை என்று அறுவை மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1938-இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் பெர்ன்கோப்ஃப் மருத்துவப் புலத்தின் தலைவரானார். ஏப்ரல் 6 அன்று கட்சிச் சீருடையில் வந்து, புதிய மருத்துவரின் கடமை என்னவென்று சக ஆசிரியர்களுக்கு உரையாற்றினார். 197 ஆசிரியர்களில் 153 பேர் விரட்டப்பட்டார்கள், பெரும்பாலோர் யூதர்கள்.

அந்த நூலின் ஓவியர்கள் தங்கள் அரசியலை ஒளித்துவைக்கவில்லை. எரிஷ் லெப்பியர் கையெழுத்திடும்போது பெயரின் கடைசி எழுத்தோடு ஒரு ஸ்வஸ்திகாவைச் சேர்ப்பார். கார்ல் எண்ட்ரெஸரின் பெயரில் இரட்டை ‘எஸ்’ வருகிறது, அதை எஸ்.எஸ். படையின் மின்னல் குறியாகவே எழுதினார். கழுத்து நரம்புகளைத் தேடிப் படத்தைக் கூர்ந்து பார்க்கும் மாணவனின் கண், இன்னும் ஒரு விரற்கடை கீழே போனால் அது தெரியும். பிற்காலப் பதிப்புகளில் அந்தக் குறிகளை அழித்துவிட்டு அச்சிட்டார்கள். படம் மட்டும் மிஞ்சியது. தலைமுறை தலைமுறையாக அதை வைத்துப் படித்தார்கள், அறுத்தார்கள், உயிர்களைக் காப்பாற்றினார்கள்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாய்-முக அறுவை மருத்துவராக இருந்த ஹோவர்ட் இஸ்ரேலும் கடினமான அறுவைக்கு முன் அந்த நூலைத்தான் புரட்டுவார். அவர் யூதர். நூலின் பின்னணி தெரியவந்த நாளில், பழைய பதிப்பைத் தேடி எடுத்து, இதுவரை தான் பார்த்தறியாத கையெழுத்துகளைப் பார்த்தார். கனடாவில் இருந்த வில்லியம் ஸைடல்மனும் அவரும் சேர்ந்து 1996-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள்: படத்தில் இருப்பவர்கள் யார்? விசாரிக்கப்பட வேண்டும். இஸ்ரேல் நாட்டின் யாட் வஷேம் நினைவகமும் கேட்டது. முதலில் மழுப்பிய வியன்னா பல்கலைக்கழகம் கடைசியில் விசாரணைக் குழு அமைத்தது. நாஜிக் காலத்தில் அந்த உடற்கூறியல் துறைக்கு மரண தண்டனைக்குள்ளானவர்களின் உடல்கள் குறைந்தது 1,377 வந்திருந்தன என்று குழு கண்டறிந்தது. நூலின் அச்சு நின்றது.

அறுவை மேடையில் ஒரு நோயாளியின் நரம்பைக் காப்பாற்ற இன்றும் சில மருத்துவர்கள் அதைத் திறக்க வேண்டியிருக்கிறது. திறக்கலாமா? யூத அறிஞர்களும் மருத்துவர்களும் கூடி விவாதித்து, ரப்பி ஜோசஃப் போலாக் 2017-இல் ஒரு வழி எழுதினார். உயிரைக் காக்கும் பொருட்டுத் திறக்கலாம். ஆனால் அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தவை என்பதை நோயாளி உட்பட எல்லோருக்கும் சொல்லிவிட்டே திறக்க வேண்டும். அந்த நூலை எரித்துவிட வேண்டும் என்ற கருத்தில் இருந்தவன் நான். போலாக் எழுதியதைப் படித்த பிறகு மாறினேன். எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். சொல்லிவிட்டுத் திறந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த மனிதர்களைப் பற்றி யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டியிருக்கும்.

ஜெர்மனியில் 2003 முதல் மருத்துவத்தின் வரலாறு, கோட்பாடு, அறம் மூன்றும் ஒரே பாடமாக, எல்லா மாணவர்களுக்கும் கட்டாயம். வரலாற்றை அறத்தோடு சேர்த்துக் கட்டியது எனக்குச் சரியாகப் படுகிறது. அறம் மட்டும் தனியாக நின்றபோது அங்கே என்ன ஆனது என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? 2012 மே மாதம் நூரம்பெர்க்கில் கூடிய ஜெர்மன் மருத்துவர் பேரவை, தங்கள் முன்னோர் செய்தவற்றுக்காக இறந்தவர்களிடமும் உயிரோடு இருப்பவர்களிடமும் மன்னிப்புக் கேட்டது. தனிப்பட்ட சில மருத்துவர்களின் குற்றம் அல்ல அது, தொழிலின் தலைமையே பங்கு கொண்ட குற்றம் என்று அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். தீர்ப்பு வந்து 65 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2016-இல் ஷ்டீவேயின் வாரிசுகள் அவர் விட்டுச்சென்ற பொருட்களுக்கிடையில் சில பெட்டிகளைக் கண்டெடுத்தார்கள். உள்ளே கண்ணாடி வில்லைகளில் ஒட்டிய சுமார் 300 திசுத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவு, தாளைப் போல மெலிந்தவை. ப்ளோட்சன்ஸே சிறையில் கொல்லப்பட்டவர்களின், பெரும்பாலும் பெண்களின், உடலில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். 2019 மே 13 அன்று பெர்லினின் டோரதீன்ஷ்டாட் கல்லறைத் தோட்டத்தில் அவற்றைப் புதைத்தார்கள். உறவினர்கள் வந்திருந்தார்கள். அத்தைக்கும் பாட்டிக்கும் 76, 77 ஆண்டுகள் கழித்து ஒரு பிடி மண்.

பெயர்களை வெளியிட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். பெயர்கள் தெரியாமல் இல்லை. சில வில்லைகளில் எழுதி ஒட்டியிருந்தது. போர் முடிந்த மறு ஆண்டு ஷ்டீவேயே 182 பேரின் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்திருந்தார்.

(தொடரும்)